இரண்டு கழுத்தும் கறுப்பு

எண்பத்தொன்பதாம் ஆண்டுக் குளிர்காலம். லண்டன் புறநகரான ரெய்னர்ஸ் லேனில் இருந்து இரண்டு ரயில் மாறிப் போய், செத்த பறவைகளைப் பாடம் செய்து வைத்திருந்த ஒரு சின்னத் தனியார் அருங்காட்சியகத்தில் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் நான் விலங்கியல் ஆசிரியை. இங்கே கையில் தூசி தட்டும் தூரிகை. எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

வேலைக்குச் சேர்ந்த அன்று, அலமாரிகளைச் சுற்றிக் காட்டிய பொறுப்பாளரான வெள்ளைக்காரப் பெண்மணியிடம், "ஹம்மிங்பேர்டா? எங்கள் வீட்டுச் செம்பரத்தைக்குத் தினமும் வரும்" என்று அளந்துவிட்டேன். பொய் சொல்ல நினைக்கவில்லை. பூவில் தேன் குடிக்கும் குட்டிப் பறவையை எங்கள் பக்கத்தில் இங்கிலீஷில் அப்படித்தான் சொல்வோம். தேநீர் நேரத்தில் அவர் அந்தக் கதையை மறுபடி மறுபடி கேட்பார். நானும் ஒவ்வொரு தடவையும் இரண்டு பறவைகளைக் கூட்டிச் சொல்வேன். பறவைகளுக்குப் பெயர் அட்டை எழுதும் மேசை வேலையை எனக்குத் தரலாம் என்று யோசிப்பதாகவும் சொல்லியிருந்தார். அந்த மேசைக்காகவே நாள்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் அவர் வெளியே போயிருந்தார். பாடம் செய்த ஹம்மிங்பேர்டுகள் இருந்த கண்ணாடி அலமாரியைத் திறந்து துடைத்தேன். உக்கிப்போன நூல் அறுந்து, இரண்டு பறவைகளின் காலில் இருந்த அட்டைகள் விழுந்தன. ஒன்று செந்தொண்டை இனம், மற்றது கருந்தாடை இனம். இதிலென்ன கஷ்டம் என்று குனிந்து பார்த்தால், இரண்டு கழுத்தும் கரிக்கட்டை மாதிரிக் கறுப்பு!

குத்துமதிப்பாகக் கட்டினேன். மறுபக்கம் வந்தால், கருந்தாடை என்று நான் கட்டியது சிவப்பாக மின்னியது. மாற்றிக் கட்டினேன். பழைய இடத்துக்கு வந்தால் அது மறுபடியும் கறுப்பு. மற்றதில் எங்கிருந்தோ ஒரு ஊதாப் பட்டை. அப்போ எதுதான் செந்தொண்டை, எதுதான் கருந்தாடை? அழுகையே வந்துவிட்டது.

வாசலில் காவல் இருந்த எங்கள் ஊர்க்காரர், கிங்ஸ்பரியில் குடியிருந்ததால் நான் கிங்ஸ்பரி அண்ணை என்று கூப்பிடுபவர், எட்டிப் பார்த்தார்.

"எதையாவது ஒண்டில கட்டிவிடு பிள்ளை. ஆர் கவனிக்கப் போகினம்?"

"அண்ணை, நான் சுவோலஜி டீச்சர். எனக்கு ஏலாதெண்டு நினைச்சியளோ?"

வாய்தான் பேசியது. பொறுப்பாளர் திரும்பியபோது, மேசை வேலை போனால் போகட்டும் என்று, அட்டைகளை அவர் கையில் வைத்து, "எனக்குத் தெரியவில்லை" என்றேன்.

அவர் இரண்டு பறவைகளையும் சன்னலடிக்குக் கொண்டுபோய் மெல்லத் திருப்பினார். நேரே வெளிச்சம் பட்டதும் ஒன்றின் தொண்டை முழுவதும் சிவந்தது. மற்றது கறுப்பாகவே இருந்தது, அடியில் மட்டும் ஊதாப் பட்டை. வெளிச்சம் விலகினால் இரண்டும் ஒன்றுதான் என்றார். பிறகு சாவகாசமாக, ஹம்மிங்பேர்ட் அமெரிக்கக் கண்டங்களைத் தவிர வேறெங்கும் இல்லை, உங்கள் செம்பரத்தைக்கு வந்தது தேன்சிட்டு என்றார். முதல் நாளே தெரியுமாம்! எட்டு மாதம் என்னைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பூமி பிளக்காதா என்றிருந்தது.

"தெரியாது என்று எப்போது சொல்வீர்கள் என்றுதான் காத்திருந்தேன்" என்று சொல்லி, அட்டை எழுதும் பேனாவை என்னிடம் நீட்டினார்.

அந்தப் பெண்மணி மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆனாலும் யாரைப் பற்றியாவது "எனக்குத் தெரியும்" என்று சொல்ல வாய் திறக்கும்போதெல்லாம், அந்த ஆளைச் சன்னலடியில் வைத்துத் திருப்பிப் பார்த்தேனா என்று ஒரு கணம் யோசிக்கிறேன்.