நான்கரை விரல்

பேய், முனி என்று யாராவது வாயைத் திறந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். உச்சிப்பொழுதில் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் முனி நிற்கும் என்று பெரிய பெரிய ஆம்பிளைகளே ஒதுங்கிப் போவார்கள், நான் அந்த நேரம் பார்த்துத்தான் குடத்தை எடுத்துக்கொண்டு போவேன், ஏனென்றால் அப்போதுதான் வரிசை இருக்காது. அப்படிப்பட்டவள் இதைச் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள், எனக்கொன்றும் கோபமில்லை.

நாட்டில் சண்டை இன்னும் முடியாத காலம். கண்டி டவுனில் நடராசா முதலாளியின் ஸ்டூடியோவில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. போகும்போது ஒரு செக்பொயின்ட், வரும்போது ஒரு செக்பொயின்ட், காட்டிக் காட்டியே என் ஐடியின் மூலையெல்லாம் மடங்கிவிட்டது. முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர், ஆனால் கடை வைத்ததெல்லாம் கண்டியில்தான். எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் அவருடைய பழைய ஸ்டூடியோவுக்குள் புகுந்து தம்பி குகனை வெட்டிக் கொன்றுவிட்டார்கள். அன்றைக்கு முதலாளி பிலிம் வாங்கக் கொழும்புக்குப் போயிருந்தாராம். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தார். குகனின் படம் கடைச்சுவரில் மாலையோடு தொங்கும். கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், வலதுகைச் சுட்டுவிரல் பாதிதான் இருக்கும், மீதியைப் படம் வெட்டும் மெசின் தின்றுவிட்டது.

என் வேலை என்னவென்றால், போட்டோவை ஓவியம் மாதிரி ஆக்கிக் கொடுப்பது. வெறும் கம்ப்யூட்டரில் செய்தால் மூஞ்சி பிளாஸ்டிக் வாளி மாதிரி வழவழவென்று வரும். அதற்கு அடியில் ஏதாவது பழைய ஓவியத்தின் வெடிப்பையும் தூரிகைத் தடத்தையும் படமெடுத்துப் போட்டு மங்கலாக்கிவிட்டால் போதும், கையால் வரைந்ததென்றே சனம் சத்தியம் பண்ணும். அதனால் பழசாக எதைக் கண்டாலும் விடமாட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை முதலாளி கோயிலுக்குப் போன நேரம், பரணில் சுருட்டிக் கிடந்த துணி ஒன்றை இழுத்துப் போட்டேன். பழைய ஸ்டூடியோவில் ஆட்களுக்குப் பின்னால் தொங்கவிட்ட திரை. கண்டி வாவியும் அதன் வளைமதிலும் வரைந்திருந்தது. நிஜ வாவி பத்து நிமிட நடையில் இருக்கும்போது அதைத் துணியில் வரைந்து, அதன் முன்னால் நின்று படம் எடுத்த சனத்தை என்னவென்று சொல்ல! கீழ்ப்பக்கம் பெயின்ட் உதிர்ந்து, பழுப்புப் பழுப்பாய்க் கறை. பழைய தேயிலைக்கறை மாதிரி அவ்வளவு அழகு. ஐயோ, அப்படித்தான் நினைத்தேன். கறைபடிந்த இடத்தைத்தான் தேடித் தேடி எடுத்தேன். யாரையும் கேட்கவில்லை, அதுதான் நான் செய்த பிழை.

அந்தக் கறையைப் போட்டு ஏழெட்டுப் படம் செய்திருப்பேன். கல்யாணப் படம், பிள்ளையின் பிறந்தநாள் படம், ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பிறகு கெலிஓயாவிலிருந்து ஒரு சிங்கள மாத்தையா, நம்ம பாஷையில் ஐயா, வந்தார். வயசானவர், கழுத்துப் பொத்தான் வரை போட்ட வெள்ளைச் சட்டை, மரியாதையான பேச்சு. மகள் வீட்டில் மாட்டப் பெரிய படமாக வேண்டும் என்றார். அவர் முகத்துக்கு அடியில் கறையைப் போட்டேன். கழுத்தில் ஏதோ அழுக்குத் திரண்டது. அழித்தேன். வந்தது. சரி, சனியனே என்று கறை இருந்த லேயரையே தூக்கிவிட்டேன், அந்த அழுக்கு அசையவில்லை. மூலப் போட்டோவைத் திறந்து பார்த்தேன், அதில் கழுத்து சுத்தமாக இருந்தது. கடைசியில் பிரின்ட் எடுத்தேன். கழுத்தை ஒரு கை இறுக்கிப் பிடித்திருந்தது. பெருவிரல் ஒரு பக்கம், மறுபக்கம் மூன்று விரல், அவற்றுக்கு மேலே ஒரு அரை விரல்.

பிரின்டை நான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதலாளி பின்னால் வந்து நின்றுவிட்டார்.

“உந்தப் படத்தை ஆர் செய்தது பிள்ளை?”

“நான் ஒண்ணுமே செய்யல முதலாளி, அழிச்சா அழிய மாட்டேங்குது. பரண்ல இருந்த துணியத்தான் படம் எடுத்தேன்.”

மனுசன் கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தார். “நான் கொழும்புக்குப் போகேல்லை. டார்க்ரூமுக்குள்ள நிண்டனான். கதவு நீக்கலுக்குள்ளால பாத்தனான். அந்தத் திரைக்கு முன்னால ஒருத்தன் குகனைப் பிடிச்சுக்கொண்டு நிக்க, மற்றவங்கள் வெட்டினாங்கள். துணியில கிடக்கிறது குகன்ர ரத்தம். குகன் தன்னைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவன்ர கழுத்தைப் பிடிச்சவன், வெட்ட வெட்ட விடேல்லை. எனக்கு அவன்ர முதுகுதான் தெரிஞ்சது. முகம் தெரியேல்லை.”

கலவரத்தன்று இரவு அவரைக் கட்டிலுக்குக் கீழே ஒளித்துவைத்துக் காப்பாற்றியதும் பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மாதானாம். அதையும் அப்போதுதான் சொன்னார். எனக்கு அவர்மேல் பரிதாபமும் வந்தது, கோபமும் வந்தது.

படத்தைக் கிழித்துப்போடலாம் என்றேன். கேட்கவில்லை. நாலு மணிக்குப் படத்தை வாங்க மாத்தையா குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்ததும், முதலாளி ஷட்டரை இழுத்துப் பூட்டினார். படத்தைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே பிடித்தார்.

மாத்தையாவின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. அடுத்த நிமிடம் அந்த ஆள் தரையில். யாரும் தொடவில்லை, என் கண்ணால் பார்த்தேன், யாரும் தொடவில்லை! கண் பிதுங்குகிறது, மூக்கால் இரத்தம் வழிகிறது, குதிகால் இரண்டும் சிமென்டில் அடித்து அடித்துத் தோல் உரிகிறது. சட்டைப் பொத்தானைப் பிய்த்துவிட்டேன். கழுத்தில் பழைய நகத்தழும்பு நாலு. சுட்டுவிரல் இருக்கவேண்டிய இடத்தில் தழும்பு இல்லை. அந்த நாலைச் சுற்றியும் சதை உள்ளே அமுங்கி அமுங்கி நீலமாகிக்கொண்டிருந்தது.

“முதலாளி, சாவியக் குடுங்க! செத்துருவாரு!”

“இரு பிள்ளை. கொஞ்சம் இருக்கட்டும்.”

அந்தக் குரலை இதற்குமுன் அவரிடம் நான் கேட்டதே இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில், வேலை போனால் போகட்டும் என்று கத்திவிட்டேன். “இப்பவும் பாத்துக்கிட்டே நிக்கப் போறீங்களா?”

மனுசன் அடிபட்ட மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார்.

“காணும் குகன், இவ்வளவும் போதும். விடு. விடடா தம்பி, காணும்.”

தரையில் கிடந்தவர் மூச்சை உள்ளே இழுத்த சத்தம் இருக்கிறதே, அது மனுசச் சத்தமாகவே இல்லை. நான் தண்ணீர் கொடுத்தேன். இரத்தமும் தண்ணீருமாகக் குடித்துவிட்டு, தெரிந்த தமிழில் சொன்னார், “நான் வெட்ட இல்ல. புடிச்சது மட்டும்.”

முதலாளி அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். “நானும் பாத்துக்கொண்டு மட்டும்தான் நிண்டனான்” என்றார்.

ஷட்டரைத் திறந்துவிட்டதும் மாத்தையா போய்விட்டார், குடையைக்கூட எடுக்கவில்லை. படத்தைப் பார்த்தேன், கழுத்து சுத்தமாக இருந்தது. பரணில் துணியை விரித்தேன், கறை மட்டும் அப்படியே இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அதை எரித்தோம்.

இதோடு முடிந்ததென்றால் நான் உங்களிடம் சொல்லியே இருக்கமாட்டேன். சண்டை முடிந்த பிறகு முதலாளி மாரடைப்பில் போனார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் படம் நான்தான் செய்தேன். அடியில் ஒன்றும் போடவில்லை, ஓவியமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று போட்டோவை அப்படியே பெரிதாக்கினேன். பிரின்டில் அவர் தோள்மேல் ஒரு கை. நான்கரை விரல். தம்பி அண்ணனைச் சேர்த்துக்கொண்டார் என்று நினைத்து அழுதுகொண்டேதான் சட்டம் போட்டுக் கொடுத்தேன். அவர் சம்சாரம் அதைக் கமராவின் நிழல் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

வருசா வருசம் திவசத்துக்குப் போவேன். போன தடவை படத்துக்கு மாலை போடும்போது பார்த்தேன். கை தோளில் இல்லை. சட்டைக் கொலரைத் தாண்டி, கழுத்துக்கு வந்திருந்தது.

அந்த அம்மா டீ கொண்டுவந்து வைத்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டே இருந்து, டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.