வள்ளித்தாய் பார்க்கும் இரண்டு அருவிகள்

வள்ளித்தாய் அக்காவை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் என் கண்ணாடியைப் போட்டிருந்தார். அதுகூட எனக்குச் சரியாகத் தெரியவில்லை. என் கண்ணாடிதான் அவர் முகத்தில் இருந்ததே.

போன ஆனி மாதம். குற்றாலம் பேரருவியில் குளிக்கப் போனவன், எதிரே எண்ணெயும் சோப்பும் துண்டும் விற்கும் கடையில் சட்டையையும் கண்ணாடியையும் கொடுத்துவிட்டுப் போனேன். குளிக்க வருகிறவர்கள் அப்படி வைத்துவிட்டுப் போவது வழக்கம். நனைந்து திரும்பினால், மங்கலாக ஓர் உருவம் அருவியைப் பார்த்தபடி நின்றது.

“அக்கா, என் கண்ணாடி?”

“கொஞ்சம் பொறு யய்யா. எம்மவன் தெரியுதான்.”

அவர் மகன் வேல்ராஜ் போலீஸ். அந்த சீசனுக்கு அருவியில்தான் பணி. தண்ணீர் கூடினால் விசில் ஊதி ஆட்களை வெளியேற்ற வேண்டும். பக்கத்தில் போனால் ‘இங்கன வராதம்மா’ என்று விரட்டிவிடுவானாம். அதனால் கடையில் இருந்த அம்மாவுக்கு விசில் சத்தம் மட்டும்தான் கிடைத்துவந்தது. சீசன் முடிந்ததும் அவனுக்கு மாற்றல்.

நான் புளியங்குடியில் எலுமிச்சை மூட்டை தூக்குகிறவரின் மகன். எங்கள் வீட்டின் முதல் பட்டம் என்னுடையது, அதுவும் கண் பரிசோதனையில். தென்காசியில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை. சும்மா இருப்பேனா? அக்காவை வரச்சொல்லிப் பரிசோதித்தேன். கிட்டத்தில் சில்லறை, சோப்பு உறை எல்லாம் வெறுங்கண்ணுக்கே தெளிவு. தூரம்தான் மங்கல். பழுப்பு பிரேமில் ஒரு கண்ணாடி தயாரானது.

அடுத்த முறை போனபோது அது பெட்டிக்குள் கிடந்தது.

“கண்ணாடி போட்டா கலெக்டரம்மா கணக்கா இருக்கியன்னேன் தம்பி. ஒடனே கழத்திட்டாவ,” என்று சிரித்தார் பக்கத்து சிப்ஸ் கடை சமீர் அண்ணன்.

“நீ சும்மா கெட சமீரு,” என்ற அக்கா, என்னிடம் குரலைத் தாழ்த்தினார். “போட்டா அருவி போயிருதுய்யா.”

“எங்க போவுது?”

“கல்யாணமாகி வந்த நாள்லேருந்து நான் பாக்குத அருவி வேற. ஓரமே கெடையாது. எது மேகம், எது தண்ணின்னு பிரிக்க முடியாது. யாரோ மேல நின்னு வெள்ளைச் சேலையை உதறிக்கிட்டே இருக்க மாதிரி இருக்கும். இதப் போட்டா பாறை தெரியுது, கம்பி தெரியுது, குளிக்கவன் தொந்தி தெரியுது.” சிரித்தார். சிரிப்பு நின்றது. “ஆனா எம்மவன் மொகமும் இதுலதான தெரியுது. எப்பவும் போட்டே இருக்கணும், இல்லைன்னா கண்ணு போயிரும்ங்காவ. நெசமா?”

பெட்டியை இரண்டு கைகளாலும் மூடிப் பிடித்திருந்தார். படித்ததற்காக நான் அன்று சந்தோஷப்பட்டதுபோல் பட்டமளிப்பு விழாவில்கூடப் படவில்லை.

“ஒங்க வயசுல கழத்தி வச்சா கண்ணு கெடாதுக்கா. போட்டாலும் பவர் ஏறாது. ரோட்டைத் தாண்டும்போது மட்டும் கண்டிப்பா போடுங்க. மத்தபடி எப்பம் வேணும்னாலும் போடலாம், கழத்தலாம்.”

“நெசமாவா?”

“படிச்சிருக்கேம்லா!”

சாரல் இறங்கியது. தெருவே வெளுத்துக் கரைந்துகொண்டிருந்தபோது விசில் கேட்டது. அக்கா கண்ணாடியைப் போட்டார். அருவியிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். அவர் பார்வை ஒரே இடத்தில் நின்றது.

“தொப்பியக் கோணலா வச்சிருக்கான் பாரு,” என்றார். கண்ணாடியில் துளிகள் சேரும்வரை பார்த்தார். விசில் ஓய்ந்ததும் கழற்றி, முந்தானையில் துடைத்துப் பெட்டியில் வைத்தார்.

நானும் என்னுடையதைக் கழற்றினேன். பாறை போனது, கம்பி போனது. ஓரமில்லாத வெள்ளை ஒன்று ஓசையோடு இறங்கிக்கொண்டே இருந்தது.

வேல்ராஜ் இப்போது தூத்துக்குடியில் இருக்கிறான். வள்ளித்தாய் அக்கா அதே கடையில் இருக்கிறார். விசில் கேட்டால் கண்ணாடியைப் போட்டு, ஊதுகிறவனின் தொப்பி நேராக இருக்கிறதா என்று பார்க்கிறார். பிறகு கழற்றிவிடுகிறார்.