பதினோரு வீடுகளைத் தொலைத்த அளவர்

அந்தச் சின்ன நகராட்சிக்கு ஒன்பது வார்டு, ஒரு குப்பை வண்டி, ஒரே ஒரு நில அளவர். "ஊருக்கே கோடு போட்டவன் நான்" என்று அளவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வார். "அதே கையாலதான் வீட்டுக் கண்ணாடியையும் மாட்டினாரு. அதுல பாத்துத் தலை சீவினா வகிடு காதுக்குப் போகுது" என்பாள் அவர் மனைவி. இரண்டுமே உண்மைதான் என்று அவரும் ஒப்புக்கொள்வார்.

உள்ளூர அவருக்குப் பெருமை தன் கையெழுத்தில்தான். ஊரின் வடக்குக் கோடியில் ஒரு தையல்காரம்மா தெருவிளக்கு கேட்டு மனுப் போடுவார். "தங்கள் வீடு இந்நகராட்சி எல்லைக்குள் வரவில்லை எனத் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது" என்று அளவர் முத்து முத்தாகப் பதில் எழுதுவார். இப்படி ஏழு மனு, ஏழு பதில். பக்கத்து ஊராட்சிக்குப் போய்க் கேட்டால், "நீங்க நகராட்சியில இருக்கீங்கம்மா" என்று அங்கேயும் கையை விரித்தார்கள். அவர்களுக்கு வரைபடம் பார்க்கத் தெரியவில்லை என்று அளவர் பரிதாபப்பட்டார்.

எல்லா வரைபடத்தையும் கணினியில் ஏற்றச் சொல்லி உத்தரவு வந்தது. அதற்காக மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த இளம் பொறியாளர் ஒருத்தி, நகராட்சி வரைபடத்தையும் ஊராட்சி வரைபடத்தையும் திரையில் ஒட்டி வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒட்டவில்லை. நடுவில் வெள்ளையாக ஒரு கீற்று.

"சார், இந்த இடத்துல பதினோரு வீடு இருக்கு. ஆனா எந்த ஊர்லயும் இல்ல."

"மெஷின் கோளாறா இருக்கும்மா."

"நேர்ல போய்ப் பாத்துடலாமே?"

நேரில் போவது அவருக்கு என்றைக்குமே ஒத்துக்கொண்டதில்லை. இருந்தாலும் போனார். வரைபடத்தில் எல்லைக்கல் என்று குறித்திருந்த இடத்தில் ஒரு கல் இருக்கத்தான் செய்தது. அதன் மேல் தையல்காரம்மா ஒரு போர்வையை ஓங்கி ஓங்கி அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தார். சோப்பு காய்ந்து காய்ந்து கல் வெள்ளை வெளேரென்று இருந்தது.

அளவருக்கு இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய மழை நாள் ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. கோடி வரை சேற்றில் நடக்கச் சோம்பல்பட்டு, பால் சங்கக் கூரைக்கு அடியில் ஒதுங்கி நின்றார். தூரத்தில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அதுதான் எல்லைக்கல் என்று குறித்துக்கொண்டு, உடுப்பு நனையாமல் வீடு வந்து சேர்ந்தார். உண்மையான கல்லை இப்போது பொறியாளர் நூற்றைம்பது அடி தள்ளி, புதருக்குள் கண்டுபிடித்தாள்.

"இடையில யாராச்சும் கல்ல மாத்தி நட்டிருப்பாங்களோ, சார்?" என்று அவளே தப்பிக்க வழி ஒன்றைக் காட்டினாள்.

"இருக்கலாம்மா" என்றார் அளவர்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "மாத்தி நட்டாங்கன்னு எழுதினா அந்தம்மா தலையிலதான விடியும்? கல்லு அவங்க வீட்டுப் பின்னாடிதான இருக்கு?" என்றாள். அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த கவுன்சில் கூட்டத்தில் எழுந்து நின்று, மழையில் தொடங்கி சோப்பு வரை ஒன்று விடாமல் சொன்னார். தலைவருக்குச் சங்கடமாகிவிட்டது. "விடுங்க சார், தொழில்நுட்பக் காரணத்தால ஏற்பட்ட பிழைன்னு தீர்மானத்துல போட்டுக்கலாம்."

"அதுல தொழிலும் இல்ல, நுட்பமும் இல்ல சார். சோம்பேறித்தனம்னு போடுங்க."

கவுன்சில் கொல்லென்று சிரித்தது. பதினோரு வீடுகளையும் ஊருக்குள் சேர்த்துக்கொண்டார்கள். தீர்மானத்தில் "அளவர் நேரில் செல்லாததால்" என்று பதிவானது. அவருடைய சம்பள உயர்வு ஒரு வருஷம் தள்ளிப்போனது. அது நியாயம்தான் என்று அவருக்கே பட்டது.

எட்டாவது கடிதத்தைத் தபாலில் போடாமல் தானே கொண்டுபோனார். தையல்காரம்மா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"இந்தக் கையெழுத்து உங்களோடதுதானா? இவ்வளவு அழகா எழுதறவங்க தப்பா எழுத மாட்டாங்கன்னு நெனச்சேன்."

"ஏழுமே தப்புதாம்மா" என்றார் அளவர்.

"நான் ஒரு அங்குலம் தப்பா வெட்டினா, மறுநாளே ரவிக்கையோட வாசல்ல வந்து நிக்கிறாங்க. உங்களுக்குப் பாருங்க, இருபத்திரண்டு வருஷம் கிடைச்சிருக்கு!"

"மன்னிச்சுடுங்கம்மா. கம்பம் எங்க நடலாம்னு நான் அளந்து..."

"ஐயோ, நீங்க அளக்காதீங்க! நானே காட்டறேன்."

தெருமுனையில், தையல்காரம்மா காட்டிய இடத்திலேயே விளக்கு வந்தது. அடுத்த வருஷம் நகராட்சித் தேர்தல். அந்தப் பதினோரு வீட்டுக்காரர்களும் அன்றுதான் முதன்முதலாக உள்ளூர் ஓட்டுப் போட்டார்கள். அந்த வார்டில் நின்று ஜெயித்ததும் தையல்காரம்மாதான்.

அளவர் ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. அந்த இரண்டு வருஷமும் அவர் எந்த வரைபடத்தை மேஜையில் விரித்தாலும், புது கவுன்சிலரம்மா முதலில் கேட்டது ஒன்றுதான்.

"நேர்ல போனீங்களா?"

"போனேம்மா" என்று காலைத் தூக்கிச் சேறு படிந்த செருப்பைக் காட்டுவார் அளவர்.