கிடைச்சா சேர்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில இருக்குன்னு வீட்டுல சொல்வாங்க. இருக்கட்டும். இந்த விஷயத்துல அது இன்னும் இறங்கல.

ஒரு கணினிக்குள்ள இன்னொரு கணினியை ஓட்டுற மென்பொருள் ஒன்னு. யாரும் எடுத்துத் திருத்தலாம், காசு கிடையாது. பல்லேகலயில வேலை முடிஞ்சு வந்து, வெளிநாட்டுல இருக்கிற ரெண்டு பேரோட சேர்ந்து அதோட உறுப்புப் பட்டியலை ஒழுங்குபடுத்தினேன். ஒலி, படம், பிரெயில்னு ஒவ்வொன்னுக்கும் மூணு தெரிவு: வேணும், வேணாம், கிடைச்சா சேர். எதுக்கு வம்புன்னு எல்லாத்துக்கும் "கிடைச்சா சேர்" போட்டவன் நான்தான்.

பிலிமத்தலாவையில எங்க பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கண் தெரியாது. திரையில வர்ற எழுத்தை விரலடியில புள்ளியா எழுப்புற பிரெயில் கருவி வச்சிருக்காங்க. கந்தோர்ல கிளார்க் வேலை ஒன்னுக்குச் செய்முறைப் பரீட்சை வந்துச்சு. சொந்தக் கணினி கொண்டு வரலாம், ஆனா நாங்க தர்ற பரீட்சைக் கணினியை அதுக்குள்ள ஓட்டித்தான் எழுதணும்னுட்டாங்க. அதுக்கென்ன, நம்ம மென்பொருள் இருக்கேன்னு பரீட்சைக்கு முதல் நாள் என் கணினியில மூலநிரல்ல இருந்து புதுசா கட்டி, அவங்க கணினியில போட்டுக் கொடுத்தேன். எல்லாம் சரின்னு காட்டுச்சு. புள்ளி எழும்புதான்னு நான் தொட்டுக்கூடப் பார்க்கல.

பிரெயிலுக்கு வேண்டிய ஒரு துணைக் கோப்பு என் கணினியில இல்ல. கிடைக்கல, சேர்க்கல, பிரெயிலையே மென்பொருள் சத்தமில்லாம விட்டுட்டுப் போயிருச்சு. பரீட்சையில ஒரு புள்ளிகூட எழும்பல. அக்காவுக்குக் கணினியே தெரியாதுன்னு நினைச்சு வெளிய அனுப்பிட்டாங்க.

என்னோட பட்டியல் போட்ட அந்த ரெண்டு பேருக்கும் எழுதினேன். அது விருப்ப உறுப்புதானே, எத்தனை பேர் பாவிக்கிறாங்கன்னு ஒருத்தர் கேட்டார். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ஹந்தானைத் தோட்டத்துல நான் படிச்ச பள்ளிக்கூடத்துல வாத்தியாரை "சேர்"னுதான் கூப்பிடுவோம். விஞ்ஞானத்துக்குச் சேர் கிடைச்சா பாடம், கிடைக்காட்டி சும்மா உட்கார்ந்திரு. சுவர்ல ஒட்டின பாட நேரசூசியில மட்டும் விஞ்ஞானம் ஒழுங்கா இருக்கும். சேர் இல்லன்னு ஒருத்தரும் வாயைத் திறந்து சொல்லல. அதுல வயிறெரிஞ்சு வளர்ந்த நானே அதே வேலையைப் பார்த்திருக்கேன். தூ!

அக்காகிட்ட போய் அந்தக் கோப்பைத் திட்டினேன், அந்த ஆளைத் திட்டினேன். எல்லாம் கேட்டுட்டுச் சொன்னாங்க:

"இல்லன்னா இல்லன்னு சொல்லியிருக்கலாமே தம்பி. நான் வேற வழி பார்த்திருப்பேன்."

வீட்டுக்கு வந்து பிரெயிலுக்கு நேரா "வேணும்"னு மாத்தினேன். கட்டிப் பார்த்தேன். பிரெயில் இல்லன்னு சிவப்பா ஒரு வரி வந்து அப்படியே நின்னுருச்சு. மறுநாள் அந்த ரெண்டு பேரும் கட்டினப்பவும் அப்படியே நின்னுருச்சு. யார் இதை உடைச்சதுன்னு கேட்டாங்க.

நான்தான்னு எழுதினேன். ரெண்டு தடவையும் நான்தான்.