வட்டமாக விழுந்த வெளிச்சம்

அப்பா இறந்த நான்காம் நாள் காலையில் அம்மா என்னைக் கூடத்துக்குக் கூப்பிட்டார். குரலில் அழுகை இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"பாப்பா, சத்தம் போடாம வா. உங்கப்பா வந்திருக்காரு."

கூடத்துச் சுவரில் அப்பா சாய்ந்து உட்காரும் இடத்தில், அவர் தலை பட்டுப் பட்டுப் படிந்த எண்ணெய்க் கறை உண்டு. அதன் மேல் தட்டு அளவில் வட்டமாக ஒரு வெளிச்சம். லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

"மூச்சு வாங்குறாரு பாரு," என்றார் அம்மா. அப்பாவுக்கு இளைப்பு இருந்தது.

சில நிமிடங்களில் அது சுவரோடு நகர்ந்துபோய் மறைந்தது. மறுநாளும் எட்டு மணிக்கு வந்தது. அதற்கடுத்த நாளும். அம்மா அதன் கீழே டீ வைக்கத் தொடங்கினார். அங்கேயே உட்கார்ந்திருந்தார், சோற்றைத் தொடவில்லை. பதினாறாம் நாள் முடிந்ததும் நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். இவரை இப்படி விட்டுவிட்டு எப்படிப் போவது?

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தஞ்சாவூரில் ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். எனக்குத் தெரியாத வெளிச்சமா? பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டேன். வாசலுக்கு எதிரே எங்கள் குறுவை நாற்றங்கால். இறப்பதற்கு முதல் நாள்தான் அப்பா அதில் விதைத்தார். குருவிகளை விரட்ட, உடைந்துபோன கண்ணாடியின் முக்கோணத் துண்டு ஒன்றை மூங்கில் குச்சியில் சைக்கிள் ட்யூபால் இறுக்கிக் கட்டியிருந்தார். அதில் பட்ட வெயில்தான் திறந்த கதவு வழியே வந்து சுவரில் விழுந்தது.

"அது மூணு மூலையால்ல இருக்கு? இது வட்டமா விழுதே," என்று கேட்டார் அம்மா.

நல்ல கேள்வி. என் மாணவர்கள் யாரும் கேட்டதில்லை. தூரத்தில் விழும்போது கண்ணாடியின் வடிவம் போய்ச் சூரியனின் வடிவம் வந்துவிடும் என்றேன். குச்சி காற்றில் ஆடுவதால் நடுக்கம். ஆனி மாதத்தில் சூரியனின் பாதை நாளுக்கு நாள் அதிகம் மாறாது, அதனால் தினமும் அதே நேரம், அதே இடம். எதையும் விடாமல் சொன்னேன்.

"படிச்சவ சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார். டீயை மட்டும் எடுக்கவில்லை.

எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் எட்டு மணிக்கு முன்பே போய் ட்யூபை அறுத்துக் கண்ணாடியைக் கையோடு கொண்டுவந்தேன். எட்டு மணி ஆயிற்று. எட்டேகால் ஆயிற்று. சுவரில் கறை மட்டும் இருந்தது.

"பாத்தியாம்மா?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "வந்த மனுசன அனுப்பிட்டியே," என்றார்.

அடுத்த நாள் காலை மறுபடி கட்டப் போனேன். அம்மா வாசற்படியில் நின்றார்.

"எங்க விழுதும்மா?"

"மாட்டுக் கொட்டாய்ல."

திருப்பினேன். "இப்ப?"

"தென்னமரத்து உச்சியில. உங்கப்பா எந்தக் காலத்துல மரம் ஏறினாரு?"

சிரித்துவிட்டார். உடனே வாயை முந்தானையால் மூடிக்கொண்டார்.

கண்ணாடி ஒரு பங்கு திரும்பினால் வெளிச்சம் இரண்டு பங்கு திரும்பும். வகுப்பில் கோணமானி வைத்து எத்தனையோ முறை காட்டியிருக்கிறேன். அப்பா எந்தக் கோணமும் பார்க்காமல் கட்டியதை என்னால் ஐந்து நாளாகியும் கட்ட முடியவில்லை. ஆறாம் நாள் வெளிச்சம் சுவரில் விழுந்தது. வட்டமாகத்தான். கறைக்குப் பக்கத்திலேயே, அதே நடுக்கத்தோடு. ஓடிவந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

அவர் வெளிச்சத்தைப் பார்த்தார்.

"இது நீ கட்டினது," என்றார்.

நாற்று பறித்தபோது குச்சியையும் பிடுங்கிப் போட்டாயிற்று. சனி, ஞாயிறுகளில் ஊருக்கு வருகிறேன். அம்மா இப்போது சாப்பிடுகிறார், வயலுக்குப் போகிறார். ஆனால் எட்டு மணிக்கு அந்தக் கறைக்குக் கீழே டீ வைக்கிறார். ஆடை படிந்ததும் எடுத்துக் கொல்லையில் ஊற்றுகிறார். நான் எதையும் விளக்குவதில்லை. அந்த நேரத்தில் கூடத்தைக் கடக்க வேண்டியிருந்தால், வாசலுக்கும் அந்தச் சுவருக்கும் குறுக்கே வராமல் ஓரமாகச் சுற்றிப் போகிறேன்.