ஜோதிலட்சுமியின் ராத்திரி

காலை எட்டேகாலுக்கு ஜோதிலட்சுமி ஜன்னலை மூடி அதன்மேல் கறுப்புப் போர்வையை மாட்டுகிறார். கதவிடுக்கில் பழைய நைட்டியைச் சுருட்டித் திணிக்கிறார். பிறகு இரண்டு காதிலும் பஞ்சு. தெருவே பள்ளிக்கும் ஆபீசுக்கும் ஓடும் நேரத்தில் அவர் படுக்கத் தயாராகிறார்.

காக்களூர் தொழிற்பேட்டையில் தகடு வெட்டும் பிரஸ் மிஷினில் ஆறு வருடமாக நைட் ஷிப்ட். நாற்பத்திரண்டு வயது. மிஷின் இரைச்சலுக்கு மேல் பேசிப் பேசி, உப்பு கடன் கேட்டாலும் சண்டைக்கு வந்தது போலத்தான் கேட்பார். அடுத்த போர்ஷனில் இருக்கும் எனக்கு முதல் மாதம் பயமாகவே இருந்தது. நாஷ்டா என்று அவர் சொல்வது மாலை நான்கு மணிச் சாப்பாட்டை.

இந்த ஆடியில் தெருமுனைக் கோயிலில் பத்து நாள் திருவிழா. நான்கு குழாய் ஸ்பீக்கர் கட்டினார்கள். அதில் ஒன்று அவருடைய ஜன்னலுக்கு நேராக வாய் பிளந்து நின்றது. காலை ஆறுக்குத் தொடங்கினால் இரவு பத்துக்குத்தான் ஓயும். சரியாகப் பத்துக்கு. சட்டத்தை மதிப்பவர்கள்!

மூன்றாம் நாள் ஜோதிலட்சுமி விழாக் குழுத் தலைவர் அரசப்பனிடம் போனார்.

"அண்ணே, அந்த ஒண்ண மட்டும் அந்தாண்ட திருப்புங்க. தூங்காம மிஷின்ல நிக்கிறேன்."

"நீ பகல்ல தூங்கறதுக்கு ஊரே வாய மூடிகினு இருக்கணுமா?" என்றார் அரசப்பன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

ஐந்தாம் நாள் வேலையில் கண் சொக்கிவிட்டது. கையுறையின் நுனி அச்சில் சிக்கிக் கிழிந்தது. விரல் நூலிழையில் தப்பியது. காலையில் அந்தக் கையுறையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "கம்பெனில சத்தத்துக்குக் காதுல அடைக்க ஒண்ணு குடுக்குறான். ஊட்ல எவன் குடுக்குறான்?"

அப்படியே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தார். நானும் கூடப் போனேன்.

"பத்து மணிக்கு மேல போட்டாத்தாம்மா கேஸு" என்றார் ரைட்டர்.

"பகலுக்கும் அளவு கீது சார். குடியிருக்கிற எடத்துல அம்பத்தஞ்சு டெசிபல். எங்க சேப்டி ஆபீசரு சொன்னாரு."

"அத அளக்க ஆளு வரணும். மனு குடுத்துட்டுப் போ. பத்து பதினஞ்சு நாள் ஆவும்."

"பந்தலப் பிரிச்சப்புறம் வந்து இன்னாத்த அளப்பீங்க? எனக்கு ராத்திரியே காலைல எட்டு மணிக்குத்தான் சார் வருது. அத எந்தச் சட்டத்துல எழுதிகீறாங்க?"

ரைட்டர் நோட்டைப் புரட்டினார். ஜோதிலட்சுமி ஸ்டேஷன் வராந்தாவில் துப்பட்டாவை விரித்தார். சாப்பாட்டுப் பையைத் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டார்.

"ஏம்மா, இன்னா பண்ற?" ரைட்டர் எழுந்தே விட்டார்.

"நம்ம ஏரியாவுல சத்தமில்லாத எடம் இது ஒண்ணுதான். திருவிழா முடியறவரைக்கும் தெனம் வருவேன்."

ரைட்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். கடைசியில் அவர் அரசப்பனுக்குப் போன் போட்டு, அந்தக் குழாயை இறக்கச் சொன்னார். "இப்பவே" என்று இரண்டு முறை சொன்னார்.

மேசைமேல் வயர்லெஸ் கரகரத்தது. ஜோதிலட்சுமி கண்ணைத் திறக்காமலே கையைத் தூக்கி, அதைக் குறைக்கச் சொல்லிச் சைகை காட்டினார்.