அரச டிவியில் சித்தி

எங்கள் நாட்டு அரச டிவி பொய் சொல்லும் என்பது வளைகுடாவில், ஈசா டவுனில் வளர்ந்த எனக்கு எழுத்துக் கூட்ட முதலே தெரியும். அதன் தமிழ்ச் செய்தி என்றாலே அப்பா திட்டுவார். அந்த அப்பாவே, வன்னியில் சண்டை இறுகி அங்கிருந்த சித்தியின் போன் நின்றுபோன பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை மொட்டைமாடிக்கு ஏறி டிஷ்ஷைத் திருப்பி அதைப் பிடித்தார். வேறு வழியில்லை. சண்டைக்குள்ளிருந்து வெளியே வருகிற சனத்தின் முகங்களைக் காட்டியது அது மட்டும்தான்.

செய்தி நேரத்தில் வீட்டில் யாரும் வாய் திறக்கக்கூடாது. இன்றும் பெருந்தொகையான பொதுமக்கள் மீட்கப்பட்டார்கள் என்று இஸ்திரி போட்ட தமிழில் ஒருவர் வாசிப்பார். அம்மா டிவிக்கு முன்னால் நிலத்தில் குந்தியிருந்து, வாசிப்பவருக்குப் பின்னால் ஓடும் படத்தில் தன் தங்கச்சியைத் தேடுவார்.

ஒருநாள் கத்தினார். "இஞ்சாருங்கோ, ஓடி வாங்கோ. இவள்தான். நடையைப் பாருங்கோ."

சித்திதான். தலையில் ஒரு பையோடு, சேற்றுத் தண்ணீருக்குள்ளிருந்து கரையேறினார். ஆமிக்காரன் ஒருவன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினான். அவர் வாங்காமல் நடந்தார். அவ்வளவுதான் படம்.

அம்மா அழுது முடித்துப் பாயாசம் காய்ச்சினார். அப்பா கொழும்பிலிருந்த மாமாவுக்குப் போன் எடுத்து, முகாம்களில் தேடச் சொன்னார். ஒட்டுக்கேட்பார்கள் என்ற பயத்தில் சித்தியின் பெயரைச் சொல்லாமல், டிவியில் வந்தவ என்றே பேசினார். போனை வைத்துவிட்டு அம்மாவைச் சீண்டினார்.

"உன்ர தங்கச்சி டிவியில வந்திட்டாள். இனி எங்களோட எங்க கதைக்கப்போறாள்?"

அம்மா சிரித்தார். அந்த வீட்டில் சிரிப்புக் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது.

அடுத்த நாளும் சித்தி வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். ஒவ்வொரு தடவையும் அம்மா நெஞ்சில் கைவைத்து, இண்டைக்கும் இருக்கிறாள் என்பார். பழைய படத்தைப் புதுச் செய்தி என்று ஓட்டிக்கொண்டிருந்தார்கள், களவாளிகள். மாமாவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அப்போது எனக்கு ஆறு வயது; பிட்டைப் பிசைந்தபடி கேட்டேன்.

"சித்தி ஏன் ஒரு நாளும் அந்தப் போத்தலை வாங்குறா இல்ல?"

அப்பா முறைத்த முறைப்பில் பிட்டுத் தட்டைத் தள்ளிவைத்தேன். அம்மா திரும்பவேயில்லை. அடுத்த நாள், "இண்டைக்கும்" என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

சண்டை முடிந்துவிட்டது என்று அதே டிவியில் வெடி கொளுத்திக் கொண்டாடிய கிழமை மாமாவின் போன் வந்தது. ஏசி திருத்தப் போய்வந்த அப்பா டியூட்டி உடுப்பைக்கூடக் கழற்றவில்லை. கேட்டு முடித்துப் போனை வைத்தார். பிறகு, ஒரு முகாமிலும் இல்லையாம் என்று அம்மாவிடம் சொன்னார். கரையேறிய பிறகு சித்தியைக் கண்டவர் யாருமில்லை. உயிரோடு வந்தார் என்று டிவியில் காட்டியதும் அரசாங்கம்தான், அப்படி ஒருவர் வரவேயில்லை என்று முகாமில் சொன்னதும் அரசாங்கம்தான்.

அப்போது டிவியில் திரும்ப அந்தப் படம் ஓடியது. அப்பா ரிமோட்டை எடுத்தார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நிப்பாட்டாதேங்கோ. அதிலயாவது வரட்டும்."

இருவரும் அழுதார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. சித்தி கரைக்கு வந்துவிட்டார். ஆமிக்காரன் தண்ணீர்கூடக் கொடுக்கிறான். இனி என்ன பயம் என்று நினைத்தேன்.